இருநூற்றுப் பதினாலாம் எண்

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. சுவா நகரின் சாமாபுலாவில், இலைதியாவின் வீட்டுச் சமையலறையில் மேசைக்கு இந்தப் பக்கம் தம்பி. சன்னலோரத்து நாற்காலியில், முதுகைக் காட்டியபடி அக்கா. இருவர் கையிலும் அவித்த மரவள்ளிக் கிழங்கு, பால் விடாத தேநீர். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை கிடையாது.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஊர் வழக்கம் அது. அக்காவும் தம்பியும் வயதுக்கு வந்தபின் நேருக்கு நேர் பேசுவதில்லை, அதுதான் மரியாதை. இலைதியாவுக்கு இப்போது முப்பத்தெட்டு. அக்கா வாசிதியின் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லி இருபத்தாறு வருடமாகிறது. சொல்ல வேண்டியதெல்லாம் மனைவி மக்கெரெத்தா வழியாகத்தான் போகும், அவள் வழியாகத்தான் வரும்.

"அக்காகிட்ட சொல்லு. இன்னிக்கு எட்டு மணியிலேருந்து ஆபீஸ் போன்ல பழைய நுழைவு வேலை செய்யாது. எழுபத்தொண்ணு அடிச்சு, தன் நம்பர், ரகசிய எண் ரெண்டும் போட்டா போதும்."

மக்கெரெத்தா தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பினாள்.

"அவங்களுக்குக் காது இருக்குல்ல? நாலடி தூரத்துலதானே உட்காந்திருக்காங்க."

"நீ சொல்லு."

"அண்ணி, எழுபத்தொண்ணாம்."

"கேட்டுச்சுன்னு சொல்லு" என்றாள் வாசிதி, சன்னலைப் பார்த்து.

"கேட்டுச்சாம். எங்க ஊர்ல அக்கா தம்பி பேசினா வானம் இடிஞ்சு தலையில விழுறதில்ல. நான் பொறந்த வீட்டுல அவனைத் திட்டாத நாளே கிடையாது. இங்க வந்துதான் தபால்காரி வேலை."

அவன் என்று அவள் சொன்னது தம்பி விலியாமேயை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து பேசியதும், 'இந்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்கு அக்கா' என்றதும், மக்கெரெத்தா போனை வைத்துவிட்டு முந்தானை மாதிரி சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றரை வருடமாக அவனைக் கண்ணால் காணவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன்தான் அவளுக்கு வாரம் முழுதும் சோறு.

வாசிதிக்கோ அன்றாடச் சோறே போனில்தான். கப்பல் பயணச் சீட்டுக்கு அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் அழைப்பு மையத்தில் ஒன்பது வருடமாக வேலை. பிப்ரவரியில் முழங்காலில் அறுவை நடந்ததிலிருந்து, மூன்று மாடி ஏற முடியாது என்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அதே மையத்தில் போன்களைக் கட்டி மேய்ப்பவன் இலைதியா. நாலு வருடமாக அவன் கம்ப்யூட்டர் தினமும் காலையில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தது: இந்த நுழைவு வசதி கைவிடப்படவிருக்கிறது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் அதைப் படித்தான், தினமும் தேநீர் குடித்தான். இப்போது மென்பொருளின் புதிய பதிப்பில் அந்த வசதி நிஜமாகவே இல்லை.

பழைய முறை சொகுசானது. எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம். நான் இன்னார் என்று எண்ணைச் சொல்லி, என்னை இந்தப் போனில் கூப்பிடு என்றால், அது நாய்க்குட்டி போலத் தேடி வரும். எந்த வீடு, யார் வீடு என்று கேட்காது. புதிய பதிப்புக்காக இலைதியா எழுதியது கொஞ்சம் கறாரானது. வெளிப் போன் என்றால் முன்கூட்டியே பட்டியலில் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியை எழுதியவனும் அவனேதான்.

மாற்றுவதற்கு முன்பு நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொருவர் இருக்கைக்கும் போய், எப்படி நுழைகிறீர்கள், எந்தப் போனில் பேசுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டான். இருபத்தைந்து பேரிடம் கேட்டான். இருபத்தாறாவது ஆளிடம் கேட்கவில்லை. அக்காவிடம் போய் எப்படிக் கேட்பது? அவள் வரிசையில் தன் வீட்டு எண்ணைத் தானே எழுதிக்கொண்டான். சொந்த அக்கா எங்கிருந்து பேசுகிறாள் என்பதுகூடவா தெரியாது?

தெரியாதுதான். கதையே அங்கேதான் இருக்கிறது.

எட்டு மணிக்கு வாலு பே துறைமுகப் பகுதி அலுவலகத்தில் புதிய முறையைத் திறந்துவிட்டான். எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று கூடம் முழுக்கப் பொத்தான் சத்தம். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்பதுக்குள் இருபத்தைந்தும் பச்சை. இருநூற்றுப் பதினாலு மட்டும் சிவப்பு.

பத்து மணிக்கு மேலாளர் ரொனீல் சந்த் கையில் வறுகடலைப் பொட்டலத்தோடு வந்து அவன் பின்னால் நின்றார்.

"அட, பிரமாதம் பாஸ். ஒருத்தர்கூடக் கத்தலையே! நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வந்தேன்."

"ஒண்ணு பாக்கி."

ரொனீல் குனிந்து பார்த்தார். எண்ணைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"உங்க அக்காவா?"

"ம்."

"இலைதியா, தப்பா எடுத்துக்காதே. வீட்டுலேருந்து வேலை பார்க்கிறது ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்திருக்கோம். மேலிடத்துல ஏற்கெனவே மூக்கைச் சுளிச்சுக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டு மணிக்குள்ள வரிசையில சேரலைன்னா இன்னிக்கு வரலைன்னு தானா பதிவாயிடும். வெள்ளிக்கிழமை அவங்க பார்க்கப்போறது அந்த ஒரு கட்டத்தைத்தான். அப்புறம் மாடி ஏறி வா, இல்லைன்னா வராதேன்னு சொல்லிடுவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"பார்க்கிறேன்."

"போன் பண்ணிக் கேளேன்" என்றவர், அவன் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஓ. சரி சரி. உங்க ஆளுங்க சமாச்சாரம். கடலை சாப்பிடு."

அவர் போன இரண்டாவது நிமிடம் தொழில்நுட்பப் பிரிவின் போன் அடித்தது.

"தொழில்நுட்பப் பிரிவு" என்றான் இலைதியா.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, வீட்டில் பக்கத்து அறையிலிருந்து அவன் தினமும் கேட்கும் குரல், யாரோ அந்நியரிடம் பேசுவது போல, "இருநூற்றுப் பதினாலு" என்றது.

என்ன பிழை வருகிறது, எந்தப் போன், ரகசிய எண் சரியா என்று மற்ற இருபத்தைந்து பேரிடமும் மூச்சுவிடாமல் கேட்டிருப்பான். இங்கே ஒன்றுமே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அரை நிமிடம் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டார்கள். அவள் வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில், தையல் கடையிலிருந்து மக்கெரெத்தா கூப்பிட்டாள். பின்னணியில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கே? அண்ணி அழாத குறை. எழுபத்தொண்ணு அடிச்சா, 'இந்தப் போனுக்கு அனுமதி இல்லை'ன்னு ஒரு பொம்பளை சொல்றாளாம்."

"வீட்டுப் போனுக்கு அனுமதி இருக்கே. நானே போட்டேன்."

"அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு அதை. நீ உங்க அக்காகிட்ட நேரா ரெண்டு வார்த்தை பேசினா இந்நேரம் முடிஞ்சிருக்கும். நான் கைவேலையை விட்டுட்டு உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சல் ஆபீஸ் நடத்துறேன். வாடிக்கைக்காரி கழுத்துல அளவு நாடாவோட நிக்கிறா!"

"வை. நான் பார்க்கிறேன்."

பதிவேட்டைத் திறந்தான். எழுபத்தொன்று அடித்து மூன்று முறை தோற்ற போன் அங்கே இருந்தது. அவன் வீட்டு எண் அல்ல. நகரத்துக்கு வெளியே, லாமிப் பக்கத்து எண்.

தப்பாகப் பார்க்கிறோமோ என்று மறுபடி பார்த்தான். பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினான். திங்கள், புதன், வெள்ளியில் வீட்டு எண். செவ்வாய், வியாழனில் லாமி. பதினோரு வாரமாக ஒரு நாள் தவறவில்லை. பழைய முறைதான் யார் வீடு என்று கேட்காதே! மக்கெரெத்தா கடைக்கும் அவன் அலுவலகத்துக்கும் கிளம்பியபின், முழங்கால் சரியில்லாத அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கோபமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்பத்தொரு வயது மனுஷி, யார் வீட்டுக்குப் போனால் இவனுக்கென்ன? மணி பத்து ஐம்பது. அந்த எண்ணைச் சேர்க்காவிட்டால் அக்காவுக்கு வேலை போகும். சேர்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரரிடம் பேசியாக வேண்டும். தான் எழுதிய விதி தன் கழுத்தையே பிடித்தது.

எண்ணைச் சுழற்றினான். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"புலா!"

ஆண் குரல். அந்த ஒரு சொல் வணக்கத்தை இழுத்த இழுப்பிலேயே இலைதியா நாற்காலியில் நிமிர்ந்துவிட்டான். ஆனாலும் வாய் தன்பாட்டுக்கு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தது.

"அழைப்பு மையத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம். இந்த எண்ணைச் சரிபார்க்க..."

அங்கே ஏதோ தரையில் விழுந்தது.

"ஐயோ" என்றது குரல். "மச்சான்."

விலியாமே. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருக்க வேண்டிய விலியாமே, பஸ்ஸில் அரை மணி தூரத்தில் லாமியில்.

"இந்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்கா?" என்றான் இலைதியா.

"திட்டிடு மச்சான். முழுசா திட்டி முடிச்சிடு, அப்புறம் சொல்றேன்."

"எப்ப வந்தே?"

"பிப்ரவரி. பழம் தரம் பிரிக்கிற இயந்திரத்துல வலது கை மாட்டிக்கிச்சு. மூணு விரல் போச்சு."

மாமன் மச்சான் என்றால் எந்த நேரத்திலும் கேலி செய்துதான் ஆக வேண்டும், அவர்கள் ஊரில் சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். பழக்கதோஷத்தில் இலைதியாவின் வாய் முந்திக்கொண்டது.

"அந்தக் கையால நீ என்னிக்குடா ஒரு வேலை செஞ்சிருக்கே? போனா என்ன?"

விலியாமே வெடித்துச் சிரித்தான். இவனும் சிரித்தான். சிரிப்பு நின்றது. இலைதியா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"ஊரே கூடி பாய் விரிச்சு, மாலை போட்டு அனுப்பிச்சுது மச்சான். கப்பல் துறை வரைக்கும் பாடிக்கிட்டே வந்தாங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித் திரும்பிப் போய் நிக்கிறது? கோயில் காவல்காரர் வீட்டுல பின்கட்டு கொடுத்திருக்கார். ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி எடுக்கப் போனேன். அங்க முழங்காலுக்குப் பயிற்சி எடுக்க உங்க அக்கா வந்து நிக்கிறா. மாட்டிக்கிட்டேன்."

"அதான் செவ்வாயும் வியாழனுமா?"

"சமைச்சுப் போடுறா. இடது கையால எழுதச் சொல்லிக் கொடுக்கிறா. தப்பா எழுதினா விரல் முட்டியில அடிக்கிறா, மிச்சமிருக்கிற விரலையாவது விட்டுவைன்னு சொன்னாலும் கேக்கிறதில்ல. நடுவுல போன் வந்தா, 'புலா, கடற்பறவை கப்பல் சேவை'ன்னு தேனா பேசுறா. நான் கெஞ்சினதாலதான் வீட்டுல சொல்லல மச்சான். அவ மேல கோவிச்சுக்காதே."

"இப்ப எங்க?"

"வாசப்படியில உட்காந்து உன் பொண்டாட்டிகிட்ட கைபேசியில பொய் சொல்லிக்கிட்டு இருக்கா. பாவம், வரவே மாட்டேங்குது அவளுக்கு."

வாரா வாரம் வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு எண்ணைக் காட்டுவதில்லை. வெளிநாட்டு அழைப்பு அப்படித்தான் என்று மக்கெரெத்தாவுக்கு விளக்கம் சொன்னவனே இலைதியாதான். ஊருக்கெல்லாம் போன் பழுது பார்ப்பவன், தன் வீட்டுப் போனில் ஏமாந்திருக்கிறான்.

"எங்க அக்காகிட்ட சொல்லிடாதே மச்சான்" என்றான் விலியாமே.

"நான் சொல்லல. ஆனா அவ கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன். பதினாலு வருஷமா அவகிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை நீயே சொல்லு. ஆரஞ்சுக் கதை வேண்டாம்."

"சொல்றேன்."

"சரி. இந்தப் போனுக்கு அழைப்பு மையத்திலேருந்து அழைப்பு வர்றதுக்கு வீட்டுல சம்மதமா?"

"என்னடா திடீர்னு சட்டம் பேசுற?"

"சம்மதமா இல்லையா, அதைச் சொல்லு."

"காவல்காரரையே கூப்பிடுறேன், இரு."

காவல்காரர் வந்து, போன் என்றால் அடிக்கத்தானே செய்யும், இதற்கெல்லாமா சம்மதம் என்று அலுத்துக்கொண்டு சம்மதம் சொன்னார். பதினொன்றே முக்காலுக்கு ரொனீல் படிவத்தைக் கையில் வாங்கினார்.

"இது யார் வீடு பாஸ்?"

"சொந்தக்காரர் இருக்கிற வீடு."

"உங்க ஆளுங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத வீடு சுவாவுல எது?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எண்ணைச் சேர்த்துவிட்டு, மக்கெரெத்தாவுக்கு ஒரு வரி அனுப்பினான்: 'சரியாயிடுச்சு, எழுபத்தொண்ணு அடிக்கச் சொல்லு.' பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இருநூற்றுப் பதினாலு பச்சையானது. முதல் அழைப்பு, இரண்டாவது, மூன்றாவது. அக்கா வேகமானவள், எப்போதும் அப்படித்தான். இலைதியா நாற்காலியில் சாய்ந்து ரொனீல் விட்டுப்போன கடலையைத் தின்ன ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்று அவனுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

பன்னிரண்டரைக்கு மக்கெரெத்தா கூப்பிட்டாள். இம்முறை தையல் இயந்திரச் சத்தம் இல்லை. எங்கோ நாய் குரைத்தது. அது பக்கத்து வீட்டு நாய் என்று அவனுக்குக் குரலிலேயே தெரிந்தது.

"இலை, அண்ணி வீட்டுல இல்ல."

அவன் வாயில் கடலை அப்படியே நின்றது.

"காலையில பாவம் ரொம்ப மனசு நொந்து பேசினாங்களேன்னு, சாப்பாட்டு நேரத்துல ரொட்டி வாங்கிக்கிட்டு வந்தேன். பூட்டு தொங்குது. சுத்தி வந்து சன்னல்ல பார்த்தேன். போன் மேசை மேல இருக்கு, ஆளைக் காணோம். கைபேசிய எடுக்க மாட்டேங்கிறாங்க. முழங்கால் நழுவி எங்கயாவது விழுந்து கிடக்கிறாங்களோ?"

"விழல. நல்லா இருக்காங்க. வேலையில இருக்காங்க."

"எங்க இருந்து?"

அவன் திரையில் இருந்த லாமி எண்ணைப் பார்த்தான்.

"சரியாயிடுச்சுன்னு எனக்கு எழுதினே. எழுபத்தொண்ணு அடிச்சு உள்ள வந்தாச்சுன்னா, எந்தப் போன்ல அடிச்சாங்க? உனக்குத் தெரியும். உன் வேலையே அதுதானே." அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. "இலை, நீ எங்கிட்ட எதையும் மறைச்சதில்ல. என்ன நடக்குது?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது இரண்டு பக்கம்தான். இவனுக்கு மூன்று. மச்சானிடம் சொன்ன சொல் ஒரு பக்கம். வெயிலில், பூட்டிய வீட்டு வாசலில், ஆறிப்போகும் ரொட்டியோடு நிற்கும் மனைவி ஒரு பக்கம். அவன் எதுவும் பேசக்கூடாத அக்கா ஒரு பக்கம். அவன் என்ன சொன்னாலும், நாளைக்கு மக்கெரெத்தா முதலில் கேட்கப்போவது அக்காவைத்தான். பதினோரு வாரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எப்படி மறைத்தீர்கள் என்றுதான் கேட்பாள். அக்காவுக்குத் தெரியாமல் அவளை அங்கே மாட்டிவிட அவனுக்கு மனசு வரவில்லை.

"ஒரு நிமிஷம் இரு" என்றான். "வச்சுடாதே."

மக்கெரெத்தாவைக் காத்திருப்பில் போட்டான். இருநூற்றுப் பதினாலுக்கு வேறு அழைப்பு போகாதபடி ஓய்வு என்று குறித்தான். லாமி எண்ணை அடித்தான்.

"புலா, கடற்பறவை கப்பல் சேவை, உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றாள் வாசிதி, தேனாக.

"அக்கா" என்றான் இலைதியா.

பன்னிரண்டு வயதில் கடைசியாக அவளை அப்படிக் கூப்பிட்டது. அப்போது குரல் உடைந்திருக்கவில்லை. இப்போது உடைந்தது. வைத்துவிடுவாளோ என்று பயந்தான்.

"மக்கெரெத்தா லைன்ல இருக்கா. வீட்டு வாசல்ல நிக்கிறா, பூட்டைப் பார்த்துட்டா. நீ விழுந்துட்டியோன்னு பயப்படுறா. நான் ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கினான். "இணைக்கட்டுமா? நீ வேண்டாம்னா இணைக்கல. நீ சொல்லு."

பின்னால், யாரு, யாரு என்று விலியாமே கேட்பது காதில் விழுந்தது. வாசிதி ரிசீவரைக் கையால் பொத்தினாள். மறுபடி எடுத்தபோது அவள் குரல் கரகரத்தது, ஆனால் தடுமாறவில்லை.

"இணைச்சிடு, தம்பி" என்றாள். "ஆனா நான் பேசப்போறதில்ல. நான் பேசினா மறுபடி பொய்தான் வரும். போனை அவன் கையில கொடுக்கிறேன்."

"அவன் பேசுவானா?"

"பேசாட்டி முட்டியில அடிப்பேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று ஒரு குரல், பிடி என்று ஒரு குரல். பிறகு கனமான மூச்சு மட்டும். அது அக்காவுடையது அல்ல.

இலைதியா இரண்டு அழைப்பையும் சேர்த்தான்.

"அண்ணி?" என்றாள் மக்கெரெத்தா. "அண்ணி, எங்க இருக்கீங்க? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

அவன் தன் போனை மட்டும் வைத்துவிட்டான்.